62 புள்ளியும் ஒரு குரல் பதிவும்: மூன்றாம் படிவ அறிவியல் தாள் பற்றிய நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர், செந்தூல் வட்டாரத்தில் 2024/2025 கல்வித் தவணையின் கடைசி வாரங்களில், ஒரு மாணவிக்கு அறிவியல் தாளில் கிடைத்த புள்ளியை ஒட்டி நடந்தது இது. மாணவி, பெற்றோர், பாட ஆசிரியை எல்லாரிடமும் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர்களையும் பள்ளியையும் விட்டுவிட்டேன். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இப்போது மாலையில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு டியூஷன் எடுக்கிறேன். அந்தப் பெண் இரண்டு வருடமாக என்னிடம் படிக்கிறாள்.

பின்னணி

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பெண். அறிவியலை முதலில் தமிழில் கற்றவள். உற்றறிதல் (கண்டதைச் சொல்வது), ஊகித்தல் (கண்டதற்குக் காரணம் சொல்வது), கருதுகோள் (சோதித்துப் பார்க்கப் போகும் கூற்று), தற்சார்பு மாறி (நாம் மாற்றுவது), சார்பு மாறி (அதனால் மாறுவது) எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதலாம் படிவத்திலிருந்து, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டிலிருந்து, அதே அறிவியலை மலாயில் எழுத வேண்டும். விஷயம் தெரியும், சொல் வராது. இந்த நிலையில் நிறையப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் படிவத்தின் நடுவில் அவள் ஓரளவு தேறிவிட்டாள்.

அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா ஒரு கிளினிக்கில் முன்மேசை வேலை. அப்பா 1990களின் கடைசியில் பி.எம்.ஆர். என்ற மூன்றாம் படிவ அரசுத் தேர்வை எழுதியவர். அந்தத் தேர்வு 2013-உடன் முடிந்தது. அடுத்து வந்த பி.டி.3-ஐயும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது மூன்றாம் படிவ முடிவில் இருப்பது கல்வித் தவணை இறுதித் தேர்வு, பிள்ளைகள் வாயில் ‘உவாசா’. அதைத் திருத்துவது அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே. கூடவே ஆண்டு முழுவதும் நடக்கும் வகுப்பறை மதிப்பீடு இருக்கிறது. அதில் புள்ளி கிடையாது, 1 முதல் 6 வரை அடைவுநிலைதான்.

அப்பா என்னிடம் ஒரு தடவை சொன்னார்: “எங்க காலத்துல யார் திருத்துனாங்கன்னே தெரியாது சார். இப்ப தினமும் முன்னாடி நிக்கிறவங்களே திருத்துறாங்க. பிடிச்ச பிள்ளைக்கு ஒண்ணு, பிடிக்காத பிள்ளைக்கு ஒண்ணுன்னு ஆகிடாதா?” இந்தப் பயம் பல வீடுகளில் இருக்கிறது. பிறகு அவருக்குக் கோபம் அவ்வளவு வேகமாகக் கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் படிவத்தில் எந்தப் பாடத் தொகுப்பு என்பது அப்போது முடிவாக வேண்டியிருந்தது. அவள் இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் உள்ள தொகுப்பை விரும்பினாள். அதற்கு அறிவியலிலும் கணிதத்திலும் குறைந்தது ‘பி’ வேண்டும் என்று அந்தப் பள்ளி வைத்திருந்தது. உவாசாவில் 82-இல் ‘ஏ’ தொடங்குகிறது. 66 முதல் 81 வரை ‘பி’, 50 முதல் 65 வரை ‘சி’. கணிதத்தில் 74 வாங்கியிருந்தாள். அறிவியலில் 62.

முதல் நாள்

ஒரு திங்கட்கிழமை வகுப்பில் அறிவியல் தாளைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பார்த்து முடித்ததும் ஆசிரியை திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த இருபது நிமிடத்தில் அவள் பக்கத்திலிருந்த தோழியின் தாளைப் பார்த்துவிட்டாள். நாடித்துடிப்புப் பரிசோதனைக்குக் கருதுகோள் எழுதச் சொன்ன கேள்வி. இருவர் விடையும் ஏறக்குறைய ஒன்றே. தோழிக்கு ஒரு புள்ளி, இவளுக்கு இல்லை. ஆசிரியையும் மலாய்க்காரர், தோழியும் மலாய்க்காரர். அவள் மனத்தில் எது ஓடியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து அழுதாள். அப்பா கேட்டார், அப்புறம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. “தமிழ்ப்பள்ளியில இருந்து வந்த பிள்ளைன்னா இப்படித்தான் நடத்துவீங்களா?” என்று அதில் கேட்டிருந்தார். அந்தக் குழுவில் வகுப்பாசிரியரும் இருக்கிறார்.

இரவு எட்டரைக்கு இருவரும் என்னிடம் வந்தார்கள். நான் செய்த முதல் காரியம் தவறு. தாளைப் பார்க்கவில்லை, அவளிடம் நிதானமாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்பாவோடு உட்கார்ந்து வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். ‘பாகுபாடு’ என்ற சொல் இரண்டாவது வரியிலேயே வந்துவிட்டது. என் பிள்ளைகள் காலத்து மனத்தாங்கல் எனக்கும் உண்டு. அன்றைக்கு இந்தப் பெண்ணின் தாளைப் பற்றி எழுதுவதாக நினைத்து அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

நிறுத்தியது அவள்தான். “சார், அனுப்பிட்டா அவளோட தாளையும் எடுப்பாங்களா?” என்று கேட்டாள். தோழியைத்தான் சொன்னாள். எங்களிடம் பதில் இல்லை. கடிதம் அப்படியே நின்றது.

கண்டது என்ன

மறுநாள் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, நினைவில் உள்ளதையெல்லாம் எழுதச் சொன்னேன். எது கண்ணால் பார்த்தது, எது நினைத்தது என்று இரண்டு பத்தியாக. உற்றறிதலும் ஊகித்தலும் படித்த பெண்தானே, எளிதாகச் செய்தாள். பார்த்த பத்தியில் நான்கு விஷயம் வந்தன.

ஒன்று அந்தக் கருதுகோள். இரண்டாவது, உலோகங்களின் வீரியம் (எவ்வளவு வேகமாக வினைபுரியும் என்பது) பற்றிய கேள்வியில் உற்றறிதலுக்கும் ஊகித்தலுக்கும் சுழியம் போட்டிருந்தது. மூன்றாவது, கடைசிப் பக்கத்தின் கீழே ‘3’ என்று சிவப்பில் எழுதியிருந்தது நினைவிருக்கிறது, ஆனால் முன்பக்கக் கட்டத்தில் அந்த மூன்றைப் பார்த்த ஞாபகம் இல்லை. நான்காவது தாளைப் பற்றியதே அல்ல: வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 3 என்று வந்திருந்தது, ஆண்டு நடுவில் 4 இருந்தது.

நியாயமில்லை என்று அவள் ஒரே சொல்லில் சொன்னதற்குள் இந்த நான்கும் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. மூன்றாவது வெறும் கூட்டல் கணக்கு. அதை யாரிடமும் வாதாட வேண்டியதில்லை, பக்கத்தைப் புரட்டிக் காட்டினால் போதும். அவளை அழவைத்ததோ கருதுகோளின் ஒரு புள்ளி.

இனப் பாகுபாடு என்ற சந்தேகத்தை நான் லேசாக ஒதுக்கவில்லை. அப்படி இருந்தால் அது பெரிய விஷயம், ஒரு புள்ளியோடு முடிகிற விஷயமும் அல்ல. அதே வகுப்பிலிருந்து என்னிடம் வரும் இன்னொரு தமிழ்ப் பையனைக் கேட்டேன். அவனும் கிட்டத்தட்ட அதே சொற்களில் எழுதியிருக்கிறான், அவனுக்குப் புள்ளி கிடைத்திருக்கிறது. அவனுக்குப் பின்னால் உட்காரும் மலாய்ப் பையனுக்குக் கிடைக்கவில்லை என்று அவனே சொன்னான். ஆக ஒரே விடைக்கு இரு விதமாகப் புள்ளி போயிருப்பது உண்மை. இனத்தைப் பார்த்துப் போகவில்லை என்று நினைக்க இடமிருந்தது. இதை அப்பாவிடம் சொன்னேன். உடனே ஏற்கவில்லை, ஆனால் கடிதத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, புள்ளி கேட்கப் போவதில்லை, தாளைப் பார்க்கக் கேட்கப் போகிறோம். “ஏன் குறைத்தீர்கள்?” என்றால் ஆசிரியர் தன்னைக் காக்கப் பேச வேண்டியிருக்கும். “தாளை ஒரு தடவை சேர்ந்து பார்க்கலாமா?” என்றால் இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம். ஐந்தாம் படிவ முடிவில் வரும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மில் மறு ஆய்வுக்குத் தேர்வு வாரியத்திடம் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். பள்ளித் தேர்விலோ திருத்தியவர் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார். இந்த வசதியைக் கோபத்தில் வீணாக்கக் கூடாது என்று நினைத்தேன்.

இரண்டாவது, படி தாண்டக் கூடாது. முதலில் பாட ஆசிரியை, அப்புறம் அறிவியல் பாடக் குழுத் தலைவர், பிறகு துணை முதல்வர், முதல்வர். வட்டாரக் கல்வி அலுவலகம் அதற்கும் பிறகு.

மூன்றாவது, அம்மாவும் பெண்ணும் போவது. அப்பாவின் குரல் பதிவு அறைக்குள் அவரோடு சேர்ந்தே வரும் என்று அம்மாவுக்குத் தோன்றியது. நானும் போகவில்லை. டியூஷன் வாத்தியார் கூட வந்து உட்கார்ந்தால் ஆசிரியைக்கு அது விசாரணை மாதிரி ஆகிவிடும். அப்பா குழுவிலிருந்து பதிவை நீக்கிவிட்டு, கோபத்தில் பேசிவிட்டதாக இரண்டு வரி எழுதினார். அதை எழுத அவருக்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று.

நான்காவதைத் தீர்மானித்தது அந்தப் பெண். தோழியின் தாளைப் பற்றிப் பேசவே கூடாது என்றாள். நான் எதிர்வாதம் செய்தேன். நம்மிடம் இருக்கும் ஒரே வலுவான ஆதாரம் அது. “அவளுக்குக் குடுத்தது தப்புன்னு ஆயிட்டா அவளுக்குக் குறைச்சிடுவாங்களே சார்” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் கேள்வியை யார் பெயரும் வராமல் அமைத்தோம்: “இந்தச் சொற்களில் எழுதினால் புள்ளி உண்டா, இல்லையா? இல்லையென்றால் எப்படி எழுத வேண்டும்?” அம்மா அதை மலாயில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். மேலும் இரண்டு கேள்விகள்: பக்கக் கூட்டலைச் சரிபார்க்கலாமா, அடைவுநிலை 4-லிருந்து 3 ஆனது எதனால்.

சந்திப்பு

வெள்ளிக்கிழமை பிற்பகல், ஆசிரியை தனியாக வரவில்லை. துணை முதல்வரும் உட்கார்ந்திருந்தார். குரல் பதிவின் விளைவு அது. அம்மா முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். “சிக்கு (மலாயில் ‘ஆசிரியரே’), சண்டை போட வரல, பிள்ளை எங்க தப்பு செஞ்சான்னு பார்க்க வந்தோம்” என்று மலாயில் சொன்னதாகச் சொன்னார். அதன் பிறகுதான் ஆசிரியை தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

கூட்டல் பிழை ஒரு நிமிடத்தில் முடிந்தது. கடைசிப் பக்கத்து 3 புள்ளி முன்பக்கத்துக்கு வரவே இல்லை. ஆசிரியை அங்கேயே திருத்திக் கையெழுத்துப் போட்டார். 62 என்பது 65 ஆயிற்று. ‘பி’க்கு இன்னும் ஒரு புள்ளி.

உலோகக் கேள்வியில் அவள் விடைகளை இடம் மாற்றி எழுதியிருந்தாள். உற்றறிதலுக்கான இடத்தில் மக்னீசியம் மிகவும் வீரியமானது என்றும், ஊகித்தலுக்கான இடத்தில் அது மிகப் பிரகாசமாக எரிந்தது என்றும். கண்ணால் கண்டது சுடர்தான். வீரியத்தைக் கண்ணால் காண முடியாது, சுடரிலிருந்து நாம் ஊகிப்பது அது. இரண்டும் அவளுக்குத் தெரியும், தமிழில் கேட்டிருந்தால் மாற்றியிருக்க மாட்டாள். மலாய்ச் சொற்களை அவசரத்தில் குழப்பிக்கொண்டாள். வலிக்கிற இழப்புதான், ஆனால் சுழியம் போட்டது சரி. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

கருதுகோளுக்கு வந்தபோது ஆசிரியை பாடக் குழுத் தலைவரை அழைத்தார். அவள் எழுதியது, கடினமான நடவடிக்கை செய்தால் நாடி கூடும் என்று. தலைவர் சொன்னது: கருதுகோளில் இரு மாறிகளும் அளக்கக்கூடிய வடிவில் வர வேண்டும். ‘நாடி’ போதாது, ‘நாடித்துடிப்பு வீதம்’ என்று இருக்க வேண்டும். நடவடிக்கை எவ்வளவு கடினமோ அவ்வளவுக்கு நாடித்துடிப்பு வீதம் கூடும் என்று இரண்டையும் தொடர்புபடுத்தி எழுதியிருக்க வேண்டும். புள்ளி இல்லை என்பதே அவர் முடிவு.

அப்போது ஆசிரியை தானாகவே ஒன்றைச் சொன்னார். அதை அவர் சொல்லாமலும் விட்டிருக்கலாம். இரண்டு வகுப்பின் 74 தாளை நான்கு இரவில் திருத்தியிருக்கிறார். முதல் கட்டைத் திருத்தி முடித்த பிறகு ஆசிரியர்களின் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடந்திருக்கிறது. அதில்தான் இந்தக் கேள்விக்கு ‘வீதம்’ கட்டாயம் என்று இறுக்கினார்களாம். முதல் கட்டுக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்ய அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் தாள் இரண்டாவது கட்டில் இருந்தது.

அடைவுநிலைக்குக் காரணம் வேறு. பாட்டி இறந்து குடும்பம் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டுக்குப் போன எட்டுப் பள்ளி நாட்களில் இரண்டு பரிசோதனைகள் நடந்திருக்கின்றன. அறிக்கை வராததால் அந்தத் திறன்களுக்குப் பதிவு இல்லை. வகுப்பறை மதிப்பீடு சராசரி எடுப்பதல்ல. ஆண்டு முழுவதும் கண்டதை வைத்து ஆசிரியர் தன் தொழில்முறைக் கணிப்பில் தருவது அது, மாணவர் மறுபடி செய்து காட்டினால் நிலையை உயர்த்தவும் செய்யலாம். அடுத்த வாரம் ஒரு பரிசோதனையைச் செய்து காட்டி, மற்றதற்கு அறிக்கை எழுதித் தரச் சொன்னார்.

பின்விளைவு

அடைவுநிலை 4 ஆயிற்று. அறிவியல் 65, ‘சி’ என்று நின்றது. அறிக்கை அட்டையில் அப்படித்தான் இருக்கிறது.

கருதுகோள் கேள்வி அங்கே முடியவில்லை. பாடக் குழுத் தலைவர் சொன்னபடி ஆசிரியை முதல் கட்டுத் தாள்களை மறுபடி எடுத்தார். நான்கு பேருக்கு ஒரு புள்ளி குறைந்தது. தோழியும் அதில் ஒருத்தி, என்னிடம் வரும் பையனும் ஒருவன். யாருக்கும் தர எழுத்து மாறவில்லை என்பது ஒரு நிம்மதி. ஆனாலும் எந்தத் தாளைக் காக்க இந்தப் பெண் அவ்வளவு பாடுபட்டாளோ அதுவே தொடப்பட்டது. யார் பெயரையும் சொல்லாமல் கேட்ட கேள்விதான் அங்கே கொண்டுபோய் விட்டது.

அவள் தோழியிடம் தானே போய் நடந்ததைச் சொன்னாள். தோழி சில நாள் பேசவில்லை. அப்புறம் பேசினாள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

தொகுப்புக்கு மேல்முறையீடு எழுதினார்கள். ஒரு பக்கம்தான். கணிதத்தில் 74, திருத்திய 65, அடைவுநிலை 4, இழப்பு நேர்ந்த நாட்களின் விவரம், என்ன படிக்க விரும்புகிறாள், ஏன். புகார் ஒரு வரிகூட இல்லை. துணை முதல்வர் ஏற்கெனவே தாளைப் பார்த்திருந்ததால் விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை. முதலில் கணக்கியல் உள்ள தொகுப்பில்தான் போட்டார்கள். நான்காம் படிவம் தொடங்கி இரண்டாம் வாரத்தில் ஓர் இடம் காலியானபோது மாற்றினார்கள்.

ஆண்டு நடுத் தேர்வில் உயிரியல் 71, வேதியியல் 58, கூடுதல் கணிதம் 34. அந்தக் கடைசி எண் எனக்குக் கவலையாக இருக்கிறது. பள்ளி கேட்ட ‘பி’ அர்த்தமில்லாத வேலி அல்ல என்பதையும் அது காட்டுகிறது. வாரம் இரண்டு நாள் கூடுதல் கணிதத்துக்கு மட்டும் வருகிறாள்.

பின்னர் ஆசிரியையிடம் பேசியபோது, குரல் பதிவைக் கேட்ட இரவு தூங்கவில்லை என்றார். பதினாறு வருட வேலையில் தன்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லையாம். மாணவி நேரே வந்து கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கும் என்றும் சொன்னார். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. பதினைந்து வயதுப் பெண், அதுவும் இரண்டாவது மொழியில், ஆசிரியர் அறைக்குப் போய், என் தாளைச் சரியாகக் கூட்டவில்லை என்று சொல்வது நாம் நினைக்கிற அளவுக்கு எளிதல்ல. அதற்கு ஒரு வழியைப் பள்ளிதான் அமைத்துத் தர வேண்டும். இதை அவரிடமே சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

மறுபடி நடந்தால் மாற்றுவது

முதல் இரவில் எதையும் எழுத மாட்டேன், அனுப்பவும் விடமாட்டேன். அன்றிரவு கேட்க வேண்டியது இரண்டே: தாளில் நீ பார்த்தது என்ன, நீ நினைப்பது என்ன.

இப்போது எந்தச் சோதனைத் தாள் வந்தாலும் அதே வாரம் என்னிடம் கொண்டுவரச் சொல்கிறேன். கொண்டுவர முடியாத தாள் என்றால், கையில் இருக்கும்போதே பக்கம் பக்கமாக வாய்விட்டுக் கூட்டிப் பார்த்து, முன்பக்கத்தோடு ஒப்பிடச் சொல்கிறேன். சென்ற தவணையில் இருவருக்குக் கூட்டல் பிழை கிடைத்தது. ஒருவனுக்கு இரண்டு புள்ளி கூடியது, ஒருத்திக்கு ஒன்று குறைந்தது. அவளும் போய்ச் சொன்னாள்.

விடுப்பு எடுத்த நாட்களுக்குத் தனிக் குறிப்பு வைக்கச் சொல்கிறேன்: எந்தப் பாடத்தில் என்ன பரிசோதனை, என்ன ஒப்படைப்பு விடுபட்டது, ஆசிரியரிடம் எப்போது கேட்டாய். அடைவுநிலை குறைந்ததை ஆண்டு முடிவில் பார்த்து அதிர்வதைவிட, திரும்பி வந்த வாரமே கேட்டிருந்தால் அது பிரச்சினையாகவே ஆகியிருக்காது.

உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் ஆகிய சொற்களை மலாயோடு சேர்த்து முதலாம் படிவத்திலேயே பழக்குகிறேன். முன்பு மூன்றாம் படிவத்தில்தான் செய்தேன். அந்த இரண்டு புள்ளியில் என் பங்கும் உண்டு.

மற்ற பிள்ளைகளின் தாளைத் தொடாமல் இப்படிப்பட்ட கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்கு இன்னும் எனக்கு நல்ல வழி தெரியவில்லை. பெயரைச் சொல்லாமல் இருப்பது போதவில்லை. குறைந்தபட்சம், கேட்கும் முன்பே மாணவிக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

அம்மா பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் கேட்டார்: தொகுப்புகளுக்கான தகுதியை ஆண்டின் நடுவிலேயே மூன்றாம் படிவப் பெற்றோருக்கு எழுத்தில் தர முடியுமா என்று. பள்ளி ஒப்புக்கொண்டது. இந்த ஆண்டு மூன்றாம் படிவத்தில் இருக்கும் என் மாணவன் ஒருவன் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். தகுதிப் பட்டியலுக்குக் கீழே, புள்ளி குறித்துச் சந்தேகம் இருந்தால் எத்தனை நாளுக்குள் எந்த ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்திருந்தார்கள்.